மனத்தை அளத்தல் கூடுமோ?

துணியை முழக்கோலாலும், நெல்லை மரக்காலாலும், பொன்னைத் துலாக்கோலாலும் அளந்து பழகிய நாம், ஒருவனுடைய அறிவையும் அங்ஙனம் அளந்து, 'இவன்பால் இத்துணை உளது' என்று கூறுதல் இயலுமோ என வினவுதல் இயல்பே. பரீட்சை முடிவுகள் ஒட்டப்பெறும் நாளில் கல்லூரித் தாழ்வாரங்களில் இவ்வினா சற்று உரக்கவே எழக் கேட்கின்றோம். ஆயினும் இது மாணவர் மனக்குறையோடு முடியும் வினா அன்று. பள்ளிப் பாடத்திற் பின்தங்கிய சிறுவனொருவனைப் பெற்றோர் உளநூல் வல்லார் ஒருவரிடம் அழைத்துச் செல்கின்றனர். ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின் தாளில் எழுதிய எண்ணொன்றைப் பெற்றுத் திரும்புகின்றனர். அவ்வெண்ணை அவர்கள் பெரும்பாலும் ஜாதகத்தைப் பார்ப்பது போலவே பார்க்கின்றனர். அச்சிறுவன் எவ்வகுப்பில் அமர்தல் வேண்டும், எதைக் கற்றல் வேண்டும் என்பனவும், கற்பிப்பதாற் பயனுண்டோ என்பதுங்கூடச் சிற்சில விடங்களில் அவ்வெண்ணைக் கொண்டே முடிவு செய்யப்பெறுகின்றன. ஆதலின் அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது, எதைக் கூற வல்லது, எதைக் கூற மாட்டாது என்பவற்றை ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

மனம் கண்ணுக்குப் புலனாவதன்று. நாம் காண்பன ஒருவன் செய்யும் செயல்களும் கூறும் விடைகளுமே. அவை அளவிறந்தன, உடனிருந்து அனைத்தையும் காண யாராலும் இயலாது. ஆகவே அவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, எல்லாருக்கும் ஒரே முறையிற் கொடுத்து, ஒரே முறையில் மதிப்பிடுதலையே உளநூலார் சோதனை என்பர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் பழமொழியே இதற்கு அடிப்படை எனலாம். ஆனால் சோறாக்கும் மகளிர் அறிந்த மற்றொன்றும் உண்டு. துழாவாது மேலாக எடுத்த பருக்கை அடிச்சோற்றின் நிலையைச் சொல்லாது. உளச்சோதனையின் வரலாற்றில் நேர்ந்த பெரும் பிழைகள் பல இவ்வொரு பிழையின்பாற் படுவனவே என்பது மேலே காட்டப்படும்.

இம்முயற்சியைப் பெரிய அளவில் முதலில் மேற்கொண்டவர் இங்கிலாந்து தேசத்துப் பிரான்ஸிஸ் கால்ட்டன். 1884-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் தென் கென்ஸிங்டனில் நடைபெற்ற சுகாதாரப் பொருட்காட்சியில் அவர் ஓர் அளவைக் கூடம் அமைத்தார். உள்ளே புகுவோர் மூன்று பென்னி கட்டணம் செலுத்துதல் வேண்டும். கண்ணின் கூர்மை, செவியின் கூர்மை, கைப்பிடியின் வலிமை, மூச்சின் கொள்ளளவு முதலியன அங்கு அளக்கப்பெற்றன. 9,337 பேர் அளக்கப்பெற்றனர். காசும் கொடுத்துத் தம்மை அளக்கவும் விட்ட அம்மக்களின் ஆவலை என்னென்பது! புலன்கள் கூரியனவாக உடையார் அறிவும் கூரியதாக உடையார் என்பது கால்ட்டனின் கருத்து. அவர்வழி நின்ற அமெரிக்கர் ஜேம்ஸ் மக்கீன் காட்டெல் 1890-ல் 'மனச்சோதனை' என்னும் பெயரையே வழக்கிற்குக் கொணர்ந்து, பின்னர்க் கொலம்பியாவில் மாணவரை இவ்வாறு அளந்துவந்தார். 1901-ல் அவருடைய மாணாக்கராகிய கிளார்க் விஸ்லர் என்பார் அவ்வளவுகளைக் கல்லூரி மதிப்பெண்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட, இரண்டிற்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்றே முடிந்தது. மணியொலி கேட்டவுடன் விரைந்து கையசைக்கும் இளைஞன் இலத்தீன் பாடத்திலும் விரைவுடையனாதல் வேண்டுமென்பதில்லை. கருவிகள் செம்மையானவை, கணக்கும் செம்மையானது, அளக்க விரும்பியது ஒன்று, அளந்தது மற்றொன்று.

இது நிற்க. இத்துறையில் உண்மையான வழியைத் திறந்தவர் பிரெஞ்சு தேசத்து ஆல்பிரட் பினே (1857–1911) என்பவர். தொடக்கத்தில் அவரும் பள்ளிச் சிறுவரின் தலைகளை அளந்தவரே. கற்றலிற் சிறந்தார்க்கும் தாழ்ந்தார்க்கும் தலையளவில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்பதை அவர் கண்டார். அதனினும் மேலாக, இவன் கல்லாதவன் என்று முன்னரே அறிந்து அளக்குங்கால் தம் எண்ணமே தம் கையைத் தம்மை அறியாது வழுவச் செய்யும் என்பதையும் கண்டு, அதனை வெளிப்படையாக எழுதி, அம்முறையைக் கைவிட்டார். அவரை நாம் மதித்தற்கு இவ்வொரு செய்தியே போதும். பின்னர்த் தம் புதல்வியராகிய மதலேன், ஆலிஸ் என்னும் இருவரையும் இல்லத்திலேயே பல்லாண்டு நோக்கி, ஒரே கூரையின்கீழ் வளர்ந்த இருவர் சிந்திக்கும் முறையில் எத்துணை வேறுபடுகின்றனர் என்பதை 1903-ல் ஒரு நூலாக வெளியிட்டார்.

1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தின் கல்வி மந்திரி, வகுப்பிற் பிறரோடு ஒப்பக் கற்க இயலாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். கல்வி கட்டாயமாக்கப்பட்டிருந்தமையால் எல்லா வகைப் பிள்ளைகளும் அங்குப் பள்ளிக்கு வந்திருந்தனர். அவர்களுள் யாருக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதை ஆசிரியரின் சொல்லை மட்டுங் கொண்டு முடிவு செய்தல் தகாது. குறும்பனையும் சோம்பனையும் அறிவிலி என்று ஒதுக்குதல் எளிது; அமைதியாக அமர்ந்திருக்கும் அறிவுக்குறை உடையானைக் காணாது விடுதலும் எளிது. ஆகவே அக்குழுவில் ஒருவராயிருந்த பினே, தியோடோர் ஸிமோன் என்னும் இளம் மருத்துவரோடு கூடி, 1905-ல் முப்பது சிறு சோதனைகளை எளியதிலிருந்து அரியதாக வரிசைப்படுத்தி வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்தொடர்தல் முதலாவது. நெருங்கிய பொருளுடைய இரு சொற்களின் வேற்றுமையைக் கூறுதல் போல்வன இறுதியில் நிற்பன. கால்ட்டனைப்போல் கண்ணையும் செவியையும் அளவாது, புரிந்துகொள்ளுதல், தீர்மானித்தல், தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றையே பினே நாடினார்.

1908-ல் வந்த திருத்தத்தில்தான் நாம் இன்று அறிந்த வடிவம் தோன்றிற்று. ஒவ்வொரு சோதனையையும் எவ்வயதுப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் செய்து முடிக்கின்றனர் என்று பார்த்து, அதனை அவ்வயதின்கீழ் வைத்தார். மூன்று வயதுப் பிள்ளை தன் மூக்கு, கண், வாய் இவற்றைச் சுட்டிக் காட்டும்; இரண்டு எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும்; தன் குடும்பப் பெயரைக் கூறும். ஆறு வயதின் சோதனைகளுள் ஒன்று, இரண்டு முக ஓவியங்களைக் காட்டி இவற்றுள் அழகியது எது எனக் கேட்டல். பாரிஸ் நகரத்து ஓவியன் அழகென்று கருதியதே அழகு என உலகத்துப் பிள்ளைகளெல்லாம் ஒப்புதல் வேண்டும் போலும்! இவ்வித்து பின்னர் எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதை அடுத்துக் காண்போம். ஒரு பிள்ளை எட்டு வயதின் சோதனைகள் வரை செய்து அப்பால் நின்றுவிடுமாயின் அதன் மனவயது எட்டு என்றார்கள்.

பினே இதனை மாறாத அளவென்று எஞ்ஞான்றும் கொண்டாரல்லர். அறிவு பிறவியிலேயே முடிந்த ஒன்று, அதனைக் கூட்டுதல் இயலாது என்று பேசுவாரை 1909-ல் வெளியிட்ட நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று சிலைபோல் அசையாது நிற்கும் விளையாட்டு. கவனத்தை ஒருமுகப்படுத்தக் கற்பித்தலே அதன் நோக்கம். பிள்ளைக்கு எவ்வுதவி வேண்டும் என அறிதற்கே அவர் சோதனை செய்தார். 1911-ல் அவர் காலமானார். சோதனையோ கடல் கடந்தது.

இனி, எண்ணிற்கு வருவோம். பத்து வயதுச் சிறுவன் எட்டு வயதின் மனவயது உடையனாயின் இரண்டாண்டு பின்தங்கியவன் என்போம். ஆனால் நான்கு வயதிற் பின்தங்கிய இரண்டாண்டும், பன்னிரண்டு வயதிற் பின்தங்கிய இரண்டாண்டும் ஒன்றாகா. ஆகவே 1912-ல் ஜெர்மானியராகிய வில்லியம் ஸ்டெர்ன், மனவயதைப் பிறந்த வயதால் வகுத்தல் வேண்டும் என்றார். 1916-ல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து லூயிஸ் டெர்மன் தாம் திருத்தி வெளியிட்ட பினே சோதனையில் அவ்வீவை 100-ஆற் பெருக்கினார். முன் சொன்ன நான்கு வயதுப் பிள்ளைக்கு 50. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 83. ஐ.க்யூ. என்று இன்று எல்லாரும் வழங்கும் நுண்ணறிவு ஈவு இவ்வாறு பிறந்தது.

இக்கணக்குச் சிறுவர்க்கு ஒருவாறு பொருந்தும், வளர்ந்தோர்க்குப் பொருந்தாது. ஆண்டுதோறும் வயது ஏறுவதுபோல் மனவயது ஏறிக்கொண்டே செல்வதில்லை. இருபது வயதினனுக்குரியதைச் செம்மையாகச் செய்யும் நாற்பது வயதினனுக்கு 50 என்று எழுதினால் நகைப்பிற்கே இடமாகும். எனவே நியூயார்க்கு பெல்வியூ மருத்துவமனையைச் சார்ந்த டேவிட் வெக்ஸ்லர் 1939-ல் வேறொரு வழி கண்டார். ஒருவனை அவன் வயதினராகிய பலரோடு ஒப்பிட்டு, அவர்களுடைய நடுநிலையை 100 என்று வைத்து, அதிலிருந்து அவன் எத்துணை விலகி நிற்கின்றான் என்று கூறுதலே அது. இக்கணக்கின்படி நூற்றுக்கு 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் நிற்பர். 70-க்குக் கீழ் நிற்போர் நூற்றுக்கு இருவர் அளவினர். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் இம்முறையினவே. இதில் வகுத்தலே இல்லை. ஆயினும் ஈவு என்னும் பழம்பெயர் நிலைத்துவிட்டது. இதனை நாம் இத்துணை விரித்ததற்குக் காரணம் உண்டு. மரக்காலில் நெல் அளப்பதுபோல் இவ்வெண் அறிவின் கொள்ளளவைச் சொல்வதன்று. 120 பெற்றவனிடம் 60 பெற்றவனைப்போல் இருமடங்கு அறிவு உளதென்று சொல்லுதல் பொருளற்றது. ஒரு வரிசையில் ஒருவன் நிற்கும் இடத்தையே அவ்வெண் காட்டுகின்றது. அவ்வரிசையில் உடன் நிற்போர் யாவர் என்னும் வினாவிற்கு விடை தெரியாதவரை அவ்விடத்திற்குப் பொருளே இல்லை.

ஆதலின் ஒரு சோதனையை அமைப்போர், அது யாருக்கென அமைக்கப்படுகின்றதோ அம்மக்களுள் எல்லா வகையினரும் கலந்த ஒரு கூட்டத்தாருக்கு முதலில் அதனைக் கொடுத்து, அவர் பெற்ற எண்களை ஒப்புநிலையாக வகுத்துக்கொள்வர். இவ்வொப்புநிலையும் பழுதடையும். ஜேம்ஸ் பிளின் என்பார் 1984-லும் 1987-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், பல நாடுகளில் மக்கள் பெறும் எண்கள் பத்தாண்டிற்கு ஏறக்குறைய மூன்று வீதம் உயர்ந்துவந்தமையைக் காட்டினார். பழைய ஒப்புநிலையைக் கொண்டு அளந்தால் இன்றைய பிள்ளை உள்ளதனினும் உயர்ந்து காண்பான். ஒரே பிள்ளை, எப்புத்தகத்தைப் புரட்டினோம் என்பதைப் பொறுத்து 70-க்கு மேலும் கீழும் ஆவான்.

சோதிக்கும் முறையும் ஒருபடித்தாய் இருத்தல் இன்றியமையாதது. வினாவின் சொற்கள், கொடுக்கும் காலம், விடைக்குரிய மதிப்பு யாவும் கையேட்டில் எழுதியபடியே நடைபெறல் வேண்டும். சரியான விடையை நோக்கிப் பிள்ளையின் கை செல்லும்போது இரக்கமுள்ள ஆசிரியர் ஒருவர் தலையைச் சிறிது அசைத்துவிடுவாராயின், அளக்கப்பெற்றது பிள்ளையின் அறிவோ ஆசிரியரின் இரக்கமோ தெரியாது. அவ்வாறே காய்ச்சலோடும் பசியோடும் வந்த பிள்ளையையும், புதியவரைக் கண்டு அஞ்சி வாய்திறவாத பிள்ளையையும் அன்றே சோதித்தல் தகாது.

இவற்றின்மேல் இரண்டு குணங்களை நாடுவர். முதலாவது மாறாமை. இன்று 95 காட்டிய சோதனை சின்னாட் கழித்து அதே பிள்ளைக்கு 120 காட்டுமாயின் அதனை யார் நம்புவர்? எச்சோதனையும் முற்றும் மாறாதது அன்று. மிகச் சிறந்த தனியாள் சோதனையிலும் ஐந்தாறு எண் மேலோ கீழோ பிசகுதல் இயல்பு என்று அதனை அமைத்தவரே கணக்கிட்டுக் கூறுவர். அறிந்த சோதகர் '93' என்று மட்டும் எழுதார். 'இவ்வெண்ணிற்கும் இவ்வெண்ணிற்கும் இடையில்' என்றே எழுதுவர். இரண்டாவது ஏற்புடைமை, அஃதாவது அளக்க வந்ததையே அளத்தல். ஒவ்வொரு முறையும் ஒரு பலம் குறைத்தே காட்டும் தராசு மாறாமை உடையது. ஆயினும் கள்ளத் தராசே. கால்ட்டனின் கூடம் இவ்விரண்டாவதிலேயே வழுவிற்று என்பதை முன்னர்க் கண்டோம். ஆனால் அங்கு எவருக்கும் கேடு விளையவில்லை. மூன்று பென்னியோடு போயிற்று. கேடு விளைந்த இடம் அமெரிக்கா.

அமெரிக்க ஐக்கிய நாடு 1917-ல் முதல் உலக யுத்தத்திற் புகுந்தபோது, ராபர்ட் யெர்க்ஸ் என்பவர் தலைமையில் உளநூலார் சேனையில் சேர்ந்தோரைக் கூட்டங்கூட்டமாகச் சோதித்தனர். ஏறக்குறைய 17 இலட்சம் பேர் சோதிக்கப்பெற்றனர். எழுத்தறிந்தார்க்கு ஆல்பா, அறியாதார்க்கும் ஆங்கிலம் தெரியாதார்க்கும் பீட்டா என்று இரு சோதனைகள். 'கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பல்துலக்கும் பசையா, உணவுப் பொருளா?' என்பது ஆல்பாவில் ஒரு வினா. அஃது அந்நாட்டுக் கடைகளில் விற்ற ஒரு சமையற் கொழுப்பின் பெயர்! பீட்டாவில் எழுத்தில்லை, படங்களே. குறையுள்ள படத்தைப் பார்த்துக் குறைந்ததை வரைதல் வேண்டும். டென்னிஸ் ஆடுகளத்தில் வலை இல்லை. கிராமபோன் பெட்டியில் குழல் இல்லை. மின்விளக்கினுள் இழை இல்லை. மின்விளக்கும் கிராமபோனும் இல்லாத மலையூரிலிருந்து ஈராண்டிற்கு முன் கப்பலேறி வந்த ஒருவன் இவற்றின் முன் அமர்ந்தால் என் செய்வான்? வந்து பல்லாண்டு வாழ்ந்தோர் மிகுதியான எண்களும், புதிதாக வந்தோர் குறைந்த எண்களும் பெற்றனர். நாட்டிற் பழகப் பழக எண் உயர்கின்றது என்பதே இதன் நேரிய பொருள். ஆனால் கார்ல் பிரிகாம் என்பார் 1923-ல் எழுதிய நூலில், அண்மையில் வருவோர் தாழ்ந்த இனத்தார் என்று இதற்குப் பொருள் கூறினார். ஏழாண்டு கழித்து, 1930-ல், அம்முடிபிற்கு அடிப்படையில்லை என்று அவரே எழுதி அதனை மீட்டுக்கொண்டார். அதற்குள் 1924-ல், தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறுவோரைப் பெரிதும் குறைக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிவிட்டது. சோதனையே அச்சட்டத்திற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. அதனை வேண்டியோர்க்கு அவ்வெண்கள் பேசுதற்கு வாய்த்தன.

ஒரு தனியாளுக்கு நேர்ந்ததையும் கூறுதல் வேண்டும். வர்ஜினியா மாகாணத்துக் காரி பக் என்னும் இளம்பெண்ணிற்கு மனவயது ஒன்பது என்று பினே சோதனை காட்டியது. அதனையும், அவள் தாய்க்கும் அத்தகைய குறை உண்டென்றதையும், அவளுடைய கைக்குழந்தையையுங்கூட அவ்வாறே மதிப்பிட்டதையும் சான்றாகக் கொண்டு, அவள் இனி மக்கட்பேறு அடையாதபடி அறுவை செய்தல் சட்டத்திற்கு ஒத்ததே என்று 1927-ல் அந்நாட்டு உயர்தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவையும் நிகழ்ந்தது. விவியன் என்னும் அக்குழந்தை பின்னர்ப் பள்ளி சென்று, நன்கு கற்பவர் பட்டியலிற் பெயர் பெற்று, எட்டாம் வயதில், 1932-ல், நோயால் இறந்தது.

நம் நாட்டில் இத்துறையில் முன்னின்றோருள் ஒருவர் நம்மையொத்த மிஷன் கல்லூரியொன்றைச் சார்ந்தவர் என்பது ஈண்டு நினைவு கூரத்தக்கது. லாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியின் ஹெர்பர்ட் ரைஸ் என்பார் பினே சோதனையை இந்துஸ்தானியில் அமைத்து 1929-ல் நூலாக வெளியிட்டார். வி. வி. காமத் என்பார் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளிடையே ஆராய்ந்து அமைத்ததை 1940-ல் வெளியிட்டார். அது பினே-காமத் என்னும் பெயரோடு நிலவுகின்றது. பிற நாட்டு வினாக்களை மொழிபெயர்த்தல் மட்டும் போதாது, எது எளிது எது அரிது என்பதையும் இந்நாட்டுப் பிள்ளைகளிடமே கேட்டறிதல் வேண்டும் என்பதே இவர்கள் முயற்சியின் பயன். 1955-ல் ஸி. எம். பாட்டியா, சொல்லை மிகுதியும் வேண்டாது, வண்ணக் கட்டைகளை அடுக்கிக் கோலம் அமைத்தல், கோட்டுருவம் வரைதல், துண்டுகளைச் சேர்த்துப் படம் ஆக்குதல் முதலிய ஐந்து செயற்சோதனைகளைத் தொகுத்தார். எழுத்தறிந்த சிறுவர்க்கும் அறியாதார்க்கும் அவர் ஒப்புநிலையை வெவ்வேறாக வகுத்தது நாம் போற்றத்தக்கது. பள்ளிக்குச் சென்றவனும் செல்லாதவனும் ஒரே வரிசையில் நிற்பவர் அல்லர் அன்றோ?

அறிவையன்றிக் குணத்தையும் அளக்க முயன்றோர் உளர். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஹெர்மான் ரோர்ஷாக் 1921-ல் வெளியிட்ட பத்து மைக்கறைப் படங்களும், 1943-ல் மினஸோட்டாவில் ஆக்கப்பெற்ற நீண்ட வினாத்தொகுதியும் இவற்றுட் புகழ் பெற்றன. பின்னதில், தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் பொய் கூறுவோனைக் கண்டுபிடிக்கவும் சில வாக்கியங்கள் ஊடே வைக்கப்பெற்றுள்ளன. மைக்கறைகளின் ஏற்புடைமை குறித்து வழக்கு இன்னும் ஓயவில்லை. இவ்வகைச் சோதனைகளின் முடிவைப் படிப்போர் பெர்ட்ரம் போரர் 1948-ல் செய்ததை மறவாதிருத்தல் நன்று. அவர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணச்சோதனை கொடுத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் முடிவை அளித்தார். அது தம்மை எத்துணைச் சரியாகச் சொல்கின்றது என்று ஐந்திற்கு மதிப்பிடச் சொல்ல, சராசரி 4.26 என்று வந்தது. எல்லார் தாளிலும் எழுதியிருந்தவை ஒரே வாக்கியங்களே. பெரும்பாலும் சோதிடப் புத்தகத்தினின்று எடுத்தவை! கிளி எடுத்த சீட்டு நமக்கே எழுதியதுபோல் இருப்பதன் இரகசியம் இதுவே. 'என்னைச் சரியாகச் சொன்னது' என்று சோதிக்கப்பெற்றவன் கூறுதல் ஏற்புடைமைக்குச் சான்றாகாது.

பினே சோதனையை அமெரிக்காவிற்குக் கொணர்ந்தவர் நியூ ஜெர்ஸியில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியைச் சார்ந்த ஹென்றி காடர்டு. நியூயார்க்கில் கப்பலினின்று இறங்கியோருட் சிலரைச் சோதித்து, அவருள் ஐந்தில் நால்வர் அறிவுக்குறை உடையார் என்று 1917-ல் எழுதியவரும் அவரே. 1928-ல் அவர் தம் பழைய கருத்துக்களைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். அதே வைன்லாந்தில் எட்கர் டால் என்பார் 1935-ல் மற்றோர் அளவையை ஆக்கினார். அதில் பிள்ளையிடம் புதிர் எதுவும் கேட்பதில்லை. பிள்ளையை வளர்ப்போரிடம் கேட்பர். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டினை முடிவு செய்தற்கு ஈவு ஒன்று மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையில் தன்னைத் தானே பேணும் திறனையும் நோக்குதல் வேண்டும் என்பது இன்று எங்கும் ஒப்புக்கொள்ளப்பெற்ற விதி. ஆகவே நம் நாட்டிலும், கட்டைகளும் படங்களும் உள்ளே வைக்கப்பெற்ற பின்னர், சோதகர் தாயை அருகில் அமர்த்தி வினவுகின்றார்: தானே உண்கின்றானா? பொத்தானைத் தானே இட்டுக்கொள்கின்றானா? தெருவைக் கடந்து கடைக்குச் சென்று, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகின்றானா? அவ்விடைகளையும் எண்ணின் அருகே எழுதிக்கொள்கின்றார்.